நூற்றாண்டு விழாவின் மூன்றாவது ஃபைல்

பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று தெரிந்ததும் முதல் வேலையாகச் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். அடுத்த வேலையாகக் குழு போட்டார்கள். விழா மலருக்கு ஒரு குழு, மேடைக்கு ஒரு குழு, மேடையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாருக்குப் பிறகு யார் பேசுவது என்பதற்குத் தனியாக ஒரு குழு. உட்காரும் குழு மட்டும் ஒரு மாதம் கூடிக் கூடிக் கலைந்தது. நூலகத்தில் மழை ஒழுகும் இடத்துக்கு யாரும் குழு போடவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு வாளி இருந்தது.

இந்தக் குழுக்கள் எதிலும் பெயர் இல்லாமல், எல்லாக் குழுக்களின் வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு செய்தவர் ஒருவர் உண்டு. வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வேலையிலிருந்து நீக்குவார்கள், கதவு திறக்கும்போது மறுபடி சேர்ப்பார்கள். அவர் சேர்ந்த பிறகு வளாகத்தில் நட்ட மரக்கன்றுகள்கூட வேர்விட்டு நிரந்தரமாகிவிட்டன.

வளாகத்தில் அவருக்கு உரையாசிரியர் என்று பெயர். பழைய நூல் எதற்கும் அவர் உரை எழுதியதில்லை. மேடையில் யார் வாயைத் திறந்தாலும் அந்த உரையை எழுதியவர் அவராகத்தான் இருப்பார், அவ்வளவுதான். துணைவேந்தருக்கு எழுதுவார், பதிவாளருக்கு எழுதுவார், வருகிற விருந்தாளிக்கும் எழுதுவார். ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொள்வார்கள். இரண்டு புகழும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை.

நிறுவனரைப் பற்றி யாருக்கும் உருப்படியாக எதுவும் தெரியாது. மர வியாபாரி, கையில் காசு இருந்தது, பிள்ளை இல்லை. இதை வைத்துக்கொண்டு எத்தனை மேடையை ஒப்பேற்ற முடியும்? ஏதோ ஒரு அவசரத்தில், நிறுவனர் முதல் செங்கல்லைத் தன் தலையிலேயே சுமந்து வந்தார் என்று எழுதிவைத்தார் உரையாசிரியர். அடுத்த வருடம் பேசியவர் அதை ஒரு கூடை செங்கல் ஆக்கினார். இப்போது நுழைவாயிலில் தலையில் கூடையோடு நிறுவனருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உரையாசிரியருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

துணைவேந்தர் அவரை எப்போது பார்த்தாலும் தோளில் தட்டி ஒரே வார்த்தைதான் சொல்வார். “விழா முடியட்டும். உங்க விஷயத்தைப் பாத்துக்கலாம்.” பட்டமளிப்பு விழா முடிந்தது, விளையாட்டு விழா முடிந்தது, கழிப்பறைத் திறப்பு விழாகூட முடிந்தது. விஷயத்தை யாரும் பார்க்கவில்லை.

இந்த முறை கத்தி கழுத்துக்கே வந்துவிட்டது. வருகிற பிறந்தநாளோடு உரையாசிரியருக்கு நிரந்தர வேலைக்கான வயது வரம்பு தாண்டுகிறது. அந்தப் பிறந்தநாள் நூற்றாண்டுத் தொடக்க விழாவுக்கு அடுத்த மாதம். அதற்குள் ஆகாவிட்டால் பிறகு எப்போதும் ஆகாது; சாகும்வரை தற்காலிகம்தான்.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த மாத்திரை எப்போது காலாவதியாகும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

“ஏங்க, அடுத்த மாசம் உங்க தேதியும் முடியுது,” என்றாள் தட்டைக் கழுவிக்கொண்டே. “அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா ஆயிடும்ல?”

“சொல்லணுமே.”

“அவரு வாயில வர்றது எல்லாமே நீங்க எழுதினதுதான. இதையும் எழுதிற வேண்டியதுதான.”

அவள் எரிச்சலில்தான் சொன்னாள். ஆனால் சொன்னது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துணைவேந்தர் எந்த உரையையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கிறவர் அல்ல. போன வருட விளையாட்டு விழாவில் உரையாசிரியர் ஒரு குறும்புக்காக, ‘எனக்கு விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது’ என்று நடுவில் ஒரு வரி செருகியிருந்தார். துணைவேந்தர் அதை வெகு உருக்கமாக வாசித்தார். என்ன அடக்கம் பாருங்கள் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே தலைமை உரையின் கடைசிப் பத்தியில் உரையாசிரியர் இப்படி எழுதினார்: ‘இந்த நூற்றாண்டின் நினைவாக, பத்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவரும் தற்காலிக ஆசிரியர்கள் அனைவரும் இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறார்கள் என்று அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்.’ தன் பெயரை மட்டும் எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வார். தவிர, அவரைப்போலப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஆயிரம் பேர் முன்னால், அமைச்சர் பக்கத்தில் இருக்க, துணைவேந்தர் வாயாலேயே சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு இல்லையென்பார்?

இங்கே அந்தப் பல்கலைக்கழகத்து மேடை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேசுகிறவர் கையில் காகிதத்தோடு எழுந்து போகக் கூடாது. போனால் எழுதி வாசிப்பதுபோல் தெரிந்துவிடுமாம். அதனால் எல்லா உரைகளையும் ஒரே நிற ஃபைல்களில் போட்டு, நிகழ்ச்சி நிரல் வரிசைப்படி மைக் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். வருகிறவர் மேலே இருப்பதை எடுத்து வாசித்துவிட்டுக் கீழ்த்தட்டில் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஃபைல்மேல் பெயர் இருக்காது. பெயர் போட்டால் பட்டங்களைப் போட வேண்டும். பட்டங்களைப் போட்டால் யாருடையது நீளம் என்று சண்டை வரும். ஒரு முறை வந்தும் இருக்கிறது. எனவே பொன் நிறத்தில் முத்திரை மட்டும்.

அன்றைக்கு ஐந்து ஃபைல்கள். பதிவாளரின் வரவேற்புரை, முன்னாள் மாணவர் சங்கத் தலைவரின் வாழ்த்துரை, துணைவேந்தரின் தலைமை உரை, அமைச்சரின் சிறப்புரை, மூத்த பேராசிரியரின் நன்றியுரை. காலையிலேயே உரையாசிரியர் தன் கையால் அடுக்கினார். மூன்றாவதை மட்டும் இரண்டு முறை சரிபார்த்து வைத்தார். பிறகு அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். மேடைக்கு ஏற அடையாள அட்டை வேண்டும். தற்காலிகக்காரர்களுக்கு அட்டை அடிக்கவில்லை.

விழா தொடங்குகிற நேரத்தில் அமைச்சரின் ஆள் ஒருவர் வந்து, அய்யா உடனே விமானத்துக்குப் போக வேண்டும், முதலில் பேசிவிட்டுக் கிளம்புகிறார் என்றார். ‘அப்படியே ஆகட்டும்’ என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். உட்காரும் குழு ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட வரிசை ஒரு நொடியில் போயிற்று. ஃபைல்களை மாற்றி அடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கென்று குழு இல்லையே.

மேடைக்குப் பக்கவாட்டில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்த உரையாசிரியருக்கு மட்டும் தோன்றியது. படியை நோக்கி ஓடினார். துணைவேந்தரின் செயலாளர் கையை நீட்டி மறித்தார்.

“எங்க சார் ஓடுறீங்க?”

“ஃபைல மாத்தி வைக்கணும். வரிசை மாறிப்போச்சு.”

“அமைச்சர் மைக்குல நிக்கிறாரு. இப்ப போய் அவர் முன்னாடி காகிதத்தக் கலைக்கிறீங்களா? அட்டை இருக்கா உங்ககிட்ட?”

அட்டை இல்லை. அமைச்சர் மேலே இருந்த ஃபைலைப் பிரித்தார். கணீரென்ற குரலில், “நம் அழைப்பை ஏற்று, ஓயாத பணிகளுக்கு இடையிலும் ஓடோடி வந்திருக்கும் மாண்புமிகு அமைச்சர் அவர்களை வருக வருக என வரவேற்கிறேன்,” என்று தன்னையே வரவேற்றார். ஒரு கணம் நின்று தலையை அசைத்து அந்த வரவேற்பை ஏற்றும் கொண்டார். கைதட்டினார்கள். அவர் கிளம்ப, துணைவேந்தரும் வழியனுப்பக் கூடவே காருக்குப் போனார்.

அடுத்து பதிவாளர். அவருக்கு வாய்த்தது முன்னாள் மாணவரின் வாழ்த்துரை. “இதே மண்டபத்தில் பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவன் நான்,” என்று படித்ததும் அவர் குரல் தடுமாறியது. ஆனால் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர். கோப்பில் வந்ததைத் திருத்த மேலிடத்து அனுமதி வேண்டும், மேலிடம் கார் பக்கத்தில் இருந்தது. எனவே இரண்டு பாடத்தில் தோற்றதையும் விடுதிச் சுவர் ஏறிக் குதித்ததையும் வரி விடாமல் ஒப்புக்கொண்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். மாணவர்கள் விசிலடித்தார்கள்.

மூன்றாவதாக எழுந்தவர் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர். குளியலறைச் சாமான் வியாபாரி. குழாய், தொட்டி, டைல்ஸ் எல்லாம் அவரிடம் கிடைக்கும். வளாகத்தில் அவரைக் குழாய்க்காரர் என்பார்கள், அவர் முன்னால் தலைவர் என்பார்கள். பட்டத்தை முடிக்காமல் ஓடிப்போனவர். மண்டபத்துக்கு நாற்காலி முழுக்க வாங்கிக் கொடுத்தவர் என்பதால் பட்டத்தை யாரும் கேட்கவில்லை.

“துணைவேந்தர் என்ற பொறுப்பைச் சுமக்கும் நான்,” என்று அவர் ஆரம்பித்தபோது உரையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். குழாய்க்காரர் மட்டும் அசரவில்லை. இத்தனை நாற்காலி கொடுத்ததற்கு இன்று ஒரு நாள் தனக்கு அந்த மரியாதையையும் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். பின்னால் அவரே சொன்னது. நெஞ்சை நிமிர்த்தி வாசித்துக்கொண்டே போய்க் கடைசிப் பத்திக்கு வந்தார்.

“தற்காலிக ஆசிரியர்கள் அனைவரும் இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறார்கள்.”

கூட்டம் நிரம்பித் தெரிய வேண்டும் என்று பதினெட்டுப் பேரையும் கடைசி வரிசைகளில் உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வேதியியல் துறையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மாணவர்கள் நாற்காலியைத் தட்டினார்கள். குழாய்க்காரருக்கு வாழ்க்கையில் அப்படியொரு கைதட்டல் கிடைத்ததில்லை. அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார்.

உரையாசிரியருக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை. சொன்னவர் குளியலறைத் தொட்டி விற்பவர் என்பது நாளைக்கு அவளுக்கே தெரிந்துவிடும்.

கைதட்டலின் நடுவே துணைவேந்தர் திரும்பி வந்தார். தனக்குத்தான் என்று கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டு நேராக மைக்குக்குப் போனார். அமைச்சரின் ஃபைலைப் பிரித்தார்.

“இந்தப் பல்கலைக்கழகத்துக்கு நான் வருவது இதுவே முதல் முறை,” என்றார்.

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மண்டபமே அதிர்ந்தது. மூன்று வருடத்தில் அவர் சொன்னதில் இதைத்தான் அவர்கள் முழுமனதாக நம்பினார்கள். துணைவேந்தர் உற்சாகமாகிவிட்டார். இப்படி ஒரு துணைவேந்தர் கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் குரலை உயர்த்தி மேஜையைத் தட்டினார். தான் வாசிப்பதைத் தானே கேட்கும் வழக்கம் அவருக்கு எப்போதும் இல்லை. நன்றியுரை மட்டும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலை துணைவேந்தர் உரையாசிரியரைக் கூப்பிட்டனுப்பினார். போகிற வழியெல்லாம் அவர் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டு போனார். அறையில் பதிவாளரும் இருந்தார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

“உக்காருங்க,” என்றார் துணைவேந்தர். “என் பேச்சுக்கு நல்ல கைதட்டல். நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா அந்தக் குழாய்க்காரரப் பாத்தீங்களா? நான் இல்லாத நேரம் பாத்து இஷ்டத்துக்கு அறிவிச்சுட்டுப் போயிருக்காரு. நிரந்தரமாம். யாரக் கேட்டு?”

உரையாசிரியர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் ஜன்னலைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், பிட் அடித்ததாகத் தான் ஏன் வாசித்தார் என்பதையும் அவர் சொல்ல வேண்டி வரும்.

“ஒரு மறுப்பு அறிக்கை வேணும்,” என்றார் துணைவேந்தர். “என் பேர்ல. சூடா இருக்கணும். நீங்களே எழுதிருங்க, உங்களுக்குத்தான் கை வரும்.”

எழுதினார். அதைத்தான் அவர் பிறகு எத்தனையோ நாள் நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருடப் பழக்கம், பேனா தானாக ஓடியது. ‘மேடை கிடைத்தது என்பதற்காக, அதிகாரம் சிறிதும் இல்லாத ஒருவர் உளறியதற்குப் பல்கலைக்கழகம் எவ்வகையிலும் பொறுப்பாகாது’ என்று எழுதிவிட்டு, ‘உளறியதற்கு’ என்பதை அடித்து ‘உதிர்த்ததற்கு’ என்று நயமாக்கவும் செய்தார்.

மறுநாள் மனைவி பத்திரிகையைப் பிரித்து முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள்.

“நீங்க எழுதினதுதான?”

“ம்.”

“நல்லா வந்திருக்கு,” என்றாள். மடித்துவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் குழாய்க்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அதே பத்திரிகை. கோபத்தில் காது மடல் சிவந்திருந்தது.

“வாத்தியாரே, நீங்க எழுதி வச்சதத்தான நான் படிச்சேன்?”

“ஆமாங்க. ஆனா அது உங்களுக்கு எழுதினது இல்ல. தப்பு என்னோடதுதான்.” மறைக்க இனி என்ன இருக்கிறது என்று முழுக்கதையையும் சொன்னார். மறுப்பை எழுதியதும் தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

குழாய்க்காரர் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க வேலைக்கு நீங்களே குழி தோண்டிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. அதுவும் அழகான குழி.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இங்க பாருங்க. எனக்குப் படிப்பு கிடையாது. ஆனா கடையில ஒரு ஆளுகிட்ட நாளைக்கு தொட்டி வந்து சேரும்னு சொன்னா, நாளைக்கு சேந்துரும். ஆயிரம் பேர் முன்னாடி நிரந்தரம்னு என் வாயால ரெண்டு தடவ சொல்லியிருக்கேன். அது உளறலாயிட்டா நான் தெருவுல நடக்க முடியுமா? பதினெட்டுப் பேரையும் எடுக்க என் கடை தாங்காது. உங்கள எடுத்துக்கறேன். விளம்பரம் எழுதணும், வர்றவங்ககிட்டப் பேசணும். நிரந்தரம். கோடை லீவுக்கெல்லாம் நிறுத்த மாட்டேன், கோடையிலதான் எங்களுக்கு வியாபாரம்.”

உரையாசிரியர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே உள்ளே போய் அவருடைய நல்ல சட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்படியாக, பல்கலைக்கழகம் பன்னிரண்டு வருடமாகச் செய்யாததைப் பட்டம் முடிக்காத ஒருவர் ஒரு மாலையில் செய்துமுடித்தார். பளபளக்கிற கைகழுவும் தொட்டிகளுக்கு நடுவே உரையாசிரியருக்கு ஒரு மேஜை, பூட்டோடு ஒரு இழுப்பறை. அவர் எழுதிய விளம்பரங்களைப் படித்துவிட்டு ஆட்கள் உண்மையாகவே குழாய் வாங்கினார்கள். தான் எழுதியதை வேறு யாரோ வாசித்துப் பெயர் வாங்காமல் இருப்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

ஆனாலும் பதினெட்டுப் பேர் அங்கேயே இருந்தார்கள். வேதியியல் துறைப் பெண் ஒரு நாள் கசியும் குழாய்க்கு வாஷர் வாங்க வந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். “நல்லவேளை சார், உங்களுக்காவது ஆச்சு,” என்றாள். மறுப்பை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியாது. அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நூற்றாண்டு நிறைவு விழாவுக்கு முன்னால் துணைவேந்தரின் செயலாளர் கடைக்கு வந்தார். டைல்ஸ் பார்ப்பதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மேஜைக்கு வந்தார்.

“சார், பெரிய மனசு பண்ணணும். அய்யாவுக்கு ஒரு உரை. நீங்க போனப்புறம் துறைத் தலைவர் ஒருத்தர் எழுதினாரு. ஒரு வாக்கியம் ரெண்டு பக்கம். நடுவுல அய்யாவுக்கு மூச்சு நின்னு தண்ணி தெளிச்சோம்.”

“மறுபடி ஃபைல் மாறிட்டா?”

“மாறாது. அதுக்குக் குழு போட்டு முடிவே பண்ணிட்டோம். இனிமே எழுதினவரே மேடையேறி அய்யா கையில ஃபைலக் குடுக்கணும். உங்களுக்கு அட்டை அடிச்சு வச்சிருக்கோம்.” சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். பொன் நிற முத்திரை போட்ட அட்டை.

“அய்யா முன்னாடியே ஒரு தடவ படிச்சுப் பாப்பாரா?”

செயலாளர் அவரை விநோதமாகப் பார்த்தார். “நூறு வருஷமா இல்லாத பழக்கம். இப்ப எதுக்கு சார்?”

“சரி. நாளைக்கு வந்து வாங்கிக்கங்க,” என்றார் உரையாசிரியர்.

செயலாளர் போனதும் இழுப்பறையிலிருந்து நல்ல காகிதமாக எடுத்தார். நிறுவனர், செங்கல் கூடை, எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசிப் பத்தியை முதலில் எழுதினார். ‘பத்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவரும் தற்காலிக ஆசிரியர்கள் பதினெட்டுப் பேரும் இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறார்கள் என்று, இப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் என்ற முறையில், என் வாயாலேயே அறிவிக்கிறேன்.’

கொஞ்சம் யோசித்தார். பிறகு அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தார். ‘நாளை இதை மறுத்து என் பெயரில் ஏதாவது அறிக்கை வந்தால் யாரும் நம்ப வேண்டாம். அதை நான் எழுதியிருக்க மாட்டேன்.’

எழுதியதைப் படித்துப் பார்த்தார். துணைவேந்தருக்காக இத்தனை வருடம் அவர் எழுதிக்கொடுத்ததில் முழுக்க முழுக்க உண்மையான வரி அது ஒன்றுதான்.